பிலிபஸ்டர் என்றால் என்ன? ஸ்ட்ரோம் தர்மண்டின் அரசியல் வாழ்க்கை வழியாக ஓர் எளிய விளக்கம்

அமெரிக்க செனட்டில் மொத்தம் 100 பேர். ஒரு மசோதாவை 55 பேர் ஆதரிக்கிறார்கள், 45 பேர் எதிர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மசோதா நிறைவேறிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பெரும்பாலும் நிறைவேறாது. வாக்கெடுப்பு நடக்க வேண்டுமானால் முதலில் விவாதம் முடிய வேண்டும். விவாதத்தை முடித்துவைக்க அங்கே சாதாரணப் பெரும்பான்மை போதாது. அந்த இடைவெளியைப் பயன்படுத்தி, விவாதத்தை முடியவிடாமல் இழுத்தடித்து மசோதாவை முடக்கும் உத்திக்குத்தான் பிலிபஸ்டர் என்று பெயர்.

இதைப் பற்றிப் பேசும் யாரும் ஸ்ட்ரோம் தர்மண்டின் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. தென் கரோலினா மாநிலத்தின் செனட்டரான அவர், கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக வந்த ஒரு மசோதாவை எதிர்த்து 1957இல் 24 மணி 18 நிமிடம் பேசினார். ஆனால் அந்தப் பேச்சால் மசோதா நிற்கவில்லை. பிலிபஸ்டரின் உண்மையான பலம் எங்கே இருக்கிறது என்பது அந்தத் தோல்வியைப் பார்த்தால்தான் விளங்கும்.

எங்கிருந்து வந்தது?

அமெரிக்க அரசியல் சாசனத்தில் பிலிபஸ்டர் என்ற ஏற்பாடே கிடையாது. ஆரம்ப காலத்தில் செனட்டிலும் விவாதத்தை நிறுத்தி வாக்கெடுப்புக்குப் போகச் சொல்லும் ஒரு தீர்மானத்துக்கு விதிப் புத்தகத்தில் இடம் இருந்தது. அதை யாரும் அதிகம் பயன்படுத்தவில்லை என்று 1805இல் துணை அதிபர் ஆரன் பர் சுட்டிக்காட்ட, அடுத்த ஆண்டு விதிகளைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். சிறுபான்மையைக் காக்க வேண்டும் என்ற பெரிய சிந்தனை எதுவும் அதில் இருந்ததாகத் தெரியவில்லை. விவாதத்தை நிறுத்தும் வழி அடைபட்டதால், நீட்டிக்கும் வழி தானாகத் திறந்துகொண்டது. நாடாளுமன்றத்தின் மற்றோர் அவையான பிரதிநிதிகள் சபையில் இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே ஒவ்வொரு மசோதாவுக்கும் எத்தனை மணி நேரம் விவாதம் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள்.

நூறாண்டுக்கு மேல் செனட் இப்படியே ஓடியது. முதல் உலகப் போர் நேரத்தில், 1917இல், வணிகக் கப்பல்களுக்கு ஆயுதம் கொடுக்கும் மசோதாவை ஒரு சிறு குழு பேசியே முடக்கியது. அதிபர் உட்ரோ வில்சன் வெகுண்டார். அந்த ஆண்டே 22ஆம் விதி வந்தது. அதன்படி, வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் விவாதத்துக்குக் கெடு விதிக்கலாம். இந்தத் தீர்மானத்தை க்ளோச்சர் என்பார்கள். 1962 வரையிலான 45 ஆண்டுகளில் க்ளோச்சர் வென்றது ஐந்தே முறை. அந்த ஐந்தில் ஒன்றுகூடக் கறுப்பினத்தவர் உரிமை தொடர்பானது அல்ல.

பேசுபவருக்கான விதிகள்

பழைய பாணிப் பிலிபஸ்டரில் உடல் வலிமையும் விதி அறிவும் சம அளவில் வேண்டும். அவைத் தலைவர் பெயர் சொல்லி அழைத்துவிட்டால் அந்த செனட்டர் தானாக விட்டுக்கொடுக்கும்வரை பேசும் உரிமை அவருடையது. நேரக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் நின்றபடியேதான் பேச வேண்டும். உட்கார்ந்தால் உரிமை போயிற்று. அவையை விட்டு வெளியே போனாலும் போயிற்று.

நடுவில் இளைப்பாற ஒரு வழி உண்டு. நண்பர் எழுந்து கேள்வி கேட்கலாம். கேள்வி பத்து நிமிடம் நீளலாம். அப்போது, கேள்விக்காக மட்டும் இடம் தருகிறேன், பேசும் உரிமையை விட்டுத்தரவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் அனுமதிக்க வேண்டும். அந்த வாசகத்தை மறந்து, நண்பர் கேள்வி கேட்காமல் கருத்துரை சொல்ல விட்டுவிட்டால் எதிர்த்தரப்பு உடனே பிடித்துக்கொள்ளும். சக செனட்டரின் நோக்கத்தை இழிவாகப் பேசினால் 19ஆம் விதியின்படி உட்காரச் சொல்லலாம். ஒரே பொருள் பற்றி ஒரு சட்டமன்ற நாளில் ஒருவர் இரண்டு முறைக்கு மேல் பேசவும் முடியாது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சட்டமன்ற நாள் என்பது நாட்காட்டி நாள் அல்ல. மாலையில் அவையை முறைப்படி முடித்துவைக்காமல் இடைவேளை மட்டும் விட்டால் மறுநாள் காலையும் அதே சட்டமன்ற நாள்தான். பெரும்பான்மைத் தலைவர்கள் இப்படி ஒரே நாளை வாரக்கணக்கில் நீட்டி, எதிர்ப்பவர்களின் இரண்டு வாய்ப்பையும் தீர்த்துவிடப் பார்ப்பார்கள். எதிர்ப்பவர் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தால் போதும். அது புதுப் பொருள், புதிதாக இரண்டு வாய்ப்பு.

பேசுபவரைவிடக் கேட்க வேண்டியவர்களுக்குத்தான் சிரமம் அதிகம். முடக்கும் தரப்பில் ஒருவர் இருந்தால் போதும். மசோதாவை நிறைவேற்ற விரும்பும் தரப்போ கோரத்துக்குத் (அவை நடக்க வேண்டிய குறைந்தபட்ச வருகைக்கு) தேவையான 51 பேரைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். நள்ளிரவில் கோரம் இல்லை என்று யாராவது எழுப்பினால், ஆட்கள் வந்து சேராவிட்டால் அவை கலைந்துவிடும்; முடக்கியவர் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வரலாம். செனட் தாழ்வாரங்களில் மடக்குக் கட்டில் போட்டுப் படுத்திருப்பது பெரும்பான்மைத் தரப்புதான்.

தர்மண்ட் யார்?

1902 டிசம்பர் 5 அன்று தென் கரோலினாவின் எட்ஜ்ஃபீல்டில் பிறந்தார். க்ளெம்சன் கல்லூரியில் தோட்டக்கலை படித்துவிட்டு ஆசிரியரானார். வழக்கறிஞரான தந்தையிடமே சட்டம் பயின்று 1930இல் வழக்கறிஞர் ஆனார். மாநில செனட்டர், பிறகு நீதிபதி. இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று 82ஆவது வான்வழிப் படைப்பிரிவுடன் கிளைடரில் நார்மண்டியில் இறங்கினார். 1947இல் ஆளுநர்.

ஆளுநராகப் பதவியேற்ற அடுத்த மாதமே வில்லி ஏர்ல் என்ற கறுப்பின இளைஞரைச் சிறையிலிருந்து இழுத்துப்போய் ஒரு வெள்ளையர் கும்பல் கொன்றது. தர்மண்ட் வழக்கை மூடி மறைக்கவில்லை. 31 பேர் மீது வழக்கு நடந்தது. பலர் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) ஒருவரையும் தண்டிக்கவில்லை. பத்தாண்டு கழித்து அவர் செனட்டில் நின்று எதற்காக வாதாடினார் என்பதைப் பார்க்கும்போது இந்த ஜூரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1948இல் ஜனநாயகக் கட்சி தன் மாநாட்டில் கறுப்பினத்தவர் உரிமைக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. தெற்கத்திப் பிரதிநிதிகள் சிலர் வெளியேறி மாநில உரிமை ஜனநாயகக் கட்சி என்று தனிக்கட்சி கண்டார்கள். டிக்ஸிகிராட்டுகள் என்று அழைக்கப்பட்ட அந்தக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தர்மண்ட். பள்ளியில், உணவகத்தில், நீச்சல் குளத்தில் இரு இனத்தவரையும் பிரித்தே வைக்க வேண்டும் என்பதுதான் அவரது பிரசாரத்தின் சாரம். தென் கரோலினா, அலபாமா, மிஸிஸிப்பி, லூசியானா என நான்கு மாநிலங்களை வென்று 39 தேர்வாளர் வாக்குகளைப் பெற்றார்.

1954இல் செனட்டுக்குப் போன விதமும் விசேஷமானது. பதவியிலிருந்த செனட்டர் தேர்தலுக்குச் சற்று முன் இறந்துவிட, கட்சிக் குழு உட்கட்சித் தேர்தல் நடத்தாமல் தானே ஒரு வேட்பாளரை நிறுத்தியது. தர்மண்டின் பெயர் வாக்குச்சீட்டில் இல்லை. வாக்காளர்கள் அவர் பெயரைக் கையால் எழுதிப் போட்டே அவரை ஜெயிக்க வைத்தார்கள். வாக்குச்சீட்டில் பெயர் இருந்த எதிராளியை அப்படி வென்று செனட்டுக்கு வந்த முதல் ஆள் அவர்தான். உட்கட்சித் தேர்தலைச் சந்திப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தபடி 1956இல் ராஜினாமா செய்து மறுபடியும் வென்றார். கட்சித் தலைமையைவிட வாக்காளரிடம் நேரடியாகப் பேசுவதே லாபம் என்ற பாடம் அவருக்கு அங்கே கிடைத்தது. 1957 பேச்சைப் புரிந்துகொள்ள இதுவும் உதவும்.

1957: பேச்சுக்கு முன்னாலேயே முடிந்துபோன சண்டை

அதிபர் ஐசன்ஹோவரின் அரசு கொண்டுவந்த சிவில் உரிமை மசோதாவில் இரண்டு பகுதிகளைத் தெற்கத்தி செனட்டர்கள் கண்டு அஞ்சினார்கள். ஒன்று, மூன்றாம் பகுதி. பள்ளிகளில் இனப் பிரிவினை உட்பட எந்த உரிமை மீறலுக்கும் மத்திய அரசே வழக்குப் போடலாம் என்றது அது. இன்னொன்று, கறுப்பினத்தவரை வாக்களிக்க விடக்கோரும் நீதிமன்ற உத்தரவை மீறும் அதிகாரிகளை, ஜூரி இல்லாமல் நீதிபதியே தண்டிக்கலாம் என்ற ஏற்பாடு.

தெற்கத்தி அணியின் தலைவர் ஜார்ஜியாவின் ரிச்சர்ட் ரஸல். அப்போது 48 மாநிலங்கள், 96 செனட்டர்கள்; இடையில் மாறியிருந்த விதிப்படி, க்ளோச்சருக்கு வேண்டியது மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 64. அது கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே ரஸல் நாள் முழுக்க நின்று பேச வேண்டிய தேவையே இல்லை. பேசுவோம் என்ற மிரட்டலே போதுமானதாக இருந்தது. பெரும்பான்மைத் தலைவர் லிண்டன் ஜான்சன் பேரம் பேசினார். மூன்றாம் பகுதி வெட்டப்பட்டது. ஆகஸ்ட் 2 அன்று 51க்கு 42 என்ற கணக்கில், ஜூரி விசாரணை வேண்டும் என்ற திருத்தமும் சேர்ந்தது. தெற்கத்தி ஜூரிகள் எப்படித் தீர்ப்பளிக்கும் என்பதற்கு வில்லி ஏர்ல் வழக்கே சாட்சி. இவ்வளவு கிடைத்த பிறகு, மசோதாவைப் பேசி முடக்குவதில்லை என்று ரஸல் அணி முடிவு செய்தது. பிடிவாதம் பிடித்தால் வெட்டிய பகுதிகள் திரும்பி வரலாம், 22ஆம் விதியே தளர்த்தப்படலாம் என்ற பயமும் இருந்தது.

பிரதிநிதிகள் சபையோடு செய்த இறுதிச் சமரசத்தில் ஜூரி ஏற்பாடு கொஞ்சம் மாறியது. 300 டாலர் அபராதம் அல்லது 45 நாள் சிறை வரை நீதிபதியே தண்டிக்கலாம். அதைத் தாண்டினால் ஜூரி முன் புதிய விசாரணை கேட்கலாம். இந்தச் சிறு மாற்றத்தைப் பிடித்துக்கொண்டுதான் தர்மண்ட் தனியாக எழுந்தார்.

24 மணி 18 நிமிடம்

முன்னேற்பாடு கவனமானது. அன்று நீராவிக் குளியல் எடுத்து உடம்பிலிருந்த நீரை வற்ற வைத்தார். குடிக்கும் தண்ணீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும், சிறுநீர் கழிக்கப் போக வேண்டியிராது என்பது கணக்கு. நன்றாக ஓய்வெடுத்து, மாட்டிறைச்சி சாப்பிட்டுவிட்டு வந்தார். பையில் தொண்டை மாத்திரையும் மால்ட் பால் மாத்திரையும் இருந்தன. ஆகஸ்ட் 28 இரவு 8:54க்குத் தொடங்கினார்.

முதலில் 48 மாநிலங்களின் தேர்தல் சட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். வாக்குரிமைக்குப் புதிய மத்தியச் சட்டம் தேவையில்லை, மாநிலச் சட்டங்களே போதும் என்பது வாதம். சட்டப் புத்தகத்தில் இருப்பதற்கும் பதிவு அலுவலகத்தில் கறுப்பினத்தவருக்கு நேர்ந்ததற்கும் சம்பந்தமில்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். பிறகு சுதந்திரப் பிரகடனம், உரிமைகள் சாசனம், வாஷிங்டனின் பிரியாவிடை உரை. பேசும் பொருளை விட்டு விலகக் கூடாது என்ற விதி அன்றைக்கு இல்லை. தினமும் முதல் மூன்று மணி நேரம் பொருளை ஒட்டியே பேச வேண்டும் என்ற கட்டுப்பாடு 1964இல்தான் வந்தது.

அரிசோனாவின் பேரி கோல்ட்வாட்டர் அவைக் குறிப்பில் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று இடையில் கேட்டு வாங்கிய சில நிமிடங்களில் தர்மண்ட் கழிப்பறைக்குப் போய்வந்தார். அதன் பிறகும் முடியாமல் போனால் என்ன செய்வது? அவையை ஒட்டிய ஓய்வறை வாசலில் உதவியாளர் ஒருவர் வாளியோடு நின்றார். ஒரு கால் அவைக்குள் இருந்தால் வெளியேறியதாகாது என்று யோசித்திருக்கிறார்கள். மசோதாவை ஆதரித்த இல்லினாயின் பால் டக்ளஸ் ஒரு ஜாடி ஆரஞ்சுச் சாறு கொண்டுவந்து நீட்டினார். தர்மண்ட் ஒரு டம்ளர் குடித்ததும், மீதியை அவர் ஆட்கள் எட்டாத இடத்துக்கு எடுத்துப்போனார்கள். சாறு எதற்காக வந்தது என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் இரவு 9:12க்கு முடித்தபோது குரல் கம்மிப்போயிருந்தது. 1953இல் ஒரிகனின் வெய்ன் மோர்ஸ் வைத்திருந்த 22 மணி 26 நிமிடச் சாதனை உடைந்தது. சுமார் இரண்டு மணி நேரத்தில் மசோதா 60க்கு 15 என்று நிறைவேறியது. செப்டம்பர் 9 அன்று ஐசன்ஹோவர் கையெழுத்திட்டார். 1875க்குப் பிறகு வந்த முதல் சிவில் உரிமைச் சட்டம் அது.

தெற்கத்தி சகாக்கள் ஒருவர்கூட அவரோடு சேர்ந்து தொடரவில்லை. சொந்தப் புகழுக்காகச் செய்த காரியம் என்று ரஸல் எரிச்சல்பட்டார். தங்கள் ஊரில் வாக்காளர்கள், நீங்கள் ஏன் பேசவில்லை என்று கேட்பார்களே என்ற கோபம் மற்றவர்களுக்கு. தனி ஒருவரின் பிலிபஸ்டர் எங்கே தோற்கிறது என்பது இதில் தெளிவு. மனித உடம்புக்கு ஓர் எல்லை உண்டு, அவை அதுவரை காத்திருந்தால் போதும். அந்தச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது தர்மண்டின் தொண்டை அல்ல, ரஸல் அணியின் மௌனமான மிரட்டல்தான்.

1964: அணி வகுத்துப் பேசியபோது

அணியாகச் செய்தால் உடம்பின் எல்லை பிரச்சினையே இல்லை. 1964 சிவில் உரிமைச் சட்டத்தின்போது ரஸல் தன் ஆட்களை ஆறு ஆறு பேராக மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழு பேசும்போது மற்ற இரண்டும் ஓய்வெடுக்கும். 60 வேலை நாட்கள் செனட் வேறெதுவும் செய்ய முடியாமல் கிடந்தது. இந்த முறை எதிர்த்தரப்பும் கோரத்துக்கு முறை வைத்து ஆள் நிறுத்தியது. அப்போது 67 வாக்கு தேவை. ஜனநாயகக் கட்சியின் 44 பேரோடு, எவரெட் டர்க்ஸன் திரட்டிய 27 குடியரசுக் கட்சியினர் சேர, ஜூன் 10 அன்று 71க்கு 29 என்று க்ளோச்சர் வென்றது. மூளைக் கட்டியால் பேச்சிழந்திருந்த கலிஃபோர்னியாவின் க்ளேர் எங்கிளைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். ஆம் என்பதற்கான ஆங்கிலச் சொல் கண்ணைக் குறிக்கும் சொல்லைப் போலவே ஒலிக்கும் என்பதால், அவர் தன் கண்ணைச் சுட்டிக்காட்டி வாக்களித்தார்.

கோரத்தை உடைக்கும் வேலையைத் தர்மண்ட் அடுத்த மாதம் வேறு விதமாகவும் செய்து பார்த்தார். புதுச் சட்டத்தின் கீழ் ஒரு நியமனத்தைப் பரிசீலிக்கும் குழுவுக்கு ஆள் சேரக் கூடாது என்று அறை வாசலிலேயே நின்றார். டெக்ஸஸின் ரால்ஃப் யார்பரோ அவரை உள்ளே இழுக்க, 61 வயதுக்காரர்கள் இருவரும் தரையில் கட்டிப் புரண்டார்கள். தர்மண்ட் அவரைத் தரையோடு அழுத்திப் பிடித்துவிட்டார். குழுத் தலைவர் வந்துதான் நிறுத்தினார்.

1964 செப்டம்பர் 16 அன்று அவர் குடியரசுக் கட்சிக்கு மாறினார். அந்தச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த கோல்ட்வாட்டர்தான் அக்கட்சியின் அதிபர் வேட்பாளர். அந்தத் தேர்தலில் கோல்ட்வாட்டர் வென்ற ஆறு மாநிலங்களில் அரிசோனா தவிர ஐந்தும் ஆழ்ந்த தெற்கு. ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த தெற்கு, குடியரசுக் கட்சியின் கோட்டையாக மாறிய நீண்ட கதைக்கு அது தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. 1968இல் கட்சி மாநாட்டில் தெற்கத்திப் பிரதிநிதிகளை நிக்ஸன் பக்கமே நிறுத்திவைத்தவரும் தர்மண்டே. அதே ஆண்டு ஏப் ஃபோர்டாஸ் தலைமை நீதிபதியாவதைத் தடுப்பதிலும் முன்னால் நின்றார். க்ளோச்சருக்கு ஆதரவாக 45, எதிராக 43. ஆதரவே அதிகம், ஆனாலும் தோல்வி. ஃபோர்டாஸின் பெயர் திரும்பப் பெறப்பட்டது.

பிற்காலத்தில் அவர் தொனி மாறியது. 1971இல் கறுப்பின உதவியாளரை வேலைக்கு வைத்தார். 1982இல் வாக்குரிமைச் சட்ட நீட்டிப்புக்கும், 1983இல் மார்ட்டின் லூதர் கிங் விடுமுறைக்கும் ஆதரவாக வாக்களித்தார். கறுப்பின வாக்காளர்கள் பெருகியதன் விளைவு என்பார்கள் சிலர், மனமாற்றம் என்பார்கள் சிலர். தான் பேசியது மாநில உரிமைக்காகத்தான் என்றே அவர் சொல்லிவந்தார். அந்த விளக்கத்தை ஏற்பது கடினம். 1948 பிரசாரத்தில் அவர் பேசிய பேச்சே அதற்கு எதிராக நிற்கிறது. 100 வயதிலும் செனட்டராக இருந்த ஒரே மனிதர், 2003 ஜூன் 26 அன்று இறந்தார். அந்த டிசம்பரில் எஸ்ஸி மே வாஷிங்டன் வில்லியம்ஸ், தான் அவர் மகள் என்று அறிவித்தார். 1925இல் பிறந்தவர். தாய் கேரி பட்லர், தர்மண்டின் பெற்றோர் வீட்டில் வேலை செய்த கறுப்பினச் சிறுமி. பல ஆண்டுகள் ரகசியமாகப் பணம் கொடுத்துவந்த உறவு அது. தர்மண்டின் குடும்பமும் அதை ஒப்புக்கொண்டது.

இன்றைய பிலிபஸ்டர்

1970களின் தொடக்கத்தில் பெரும்பான்மைத் தலைவர் மைக் மான்ஸ்ஃபீல்ட் இரட்டைத் தட முறையைக் கொண்டுவந்தார். ஒரு மசோதா முடங்கினால் அதை ஓரமாக வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். அவை முழுவதும் ஸ்தம்பிப்பது நின்றது. கூடவே, முடக்குபவர் கொடுக்க வேண்டியிருந்த விலையும் மறைந்தது. 1975இல் க்ளோச்சர் வரம்பு 60 ஆகக் குறைந்தது. இப்போது யாரும் விடிய விடிய நிற்பதில்லை. எதிர்ப்பைத் தெரிவித்தால் போதும், 60 இருக்கிறதா என்று தலைவர் எண்ணிப் பார்க்கிறார். இல்லையென்றால் மசோதா அவைக்கே வராது.

60 இருந்தாலும் நாட்கள் கரையும். 16 பேர் கையெழுத்திட்ட க்ளோச்சர் மனுவைத் திங்கட்கிழமை கொடுத்தால் வாக்கெடுப்பு புதன்கிழமைதான். வென்ற பிறகும் 30 மணி நேரம் விவாதிக்கலாம். மசோதாவை எடுத்துக்கொள்ளலாமா என்ற தீர்மானத்துக்கு ஒரு முறை, மசோதாவுக்கே இன்னொரு முறை என்று இரண்டு தடவை இதைச் செய்ய வைக்க முடியும். ஒரு சாதாரண மசோதா இரண்டு வாரத்தை விழுங்குவது இப்படித்தான்.

விலக்குகளும் உண்டு. வரி, செலவு சார்ந்த பட்ஜெட் சமரச மசோதாவுக்கு 20 மணி நேர விவாத வரம்பு இருப்பதால் 51 போதும். உச்ச நீதிமன்றம் தவிர்த்த நியமனங்களுக்கு இருந்த 60 வாக்குத் தடையை 2013இல் ஜனநாயகக் கட்சியும், உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கானதை 2017இல் குடியரசுக் கட்சியும் நீக்கின. விதியை முறைப்படி திருத்த முயன்றால் விவாதத்தை முடிக்கவே மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆகவே இரு தரப்பும் சாதாரணப் பெரும்பான்மையால் புதிய முன்னுதாரணம் ஏற்படுத்தும் குறுக்கு வழியைப் பிடித்தன.

தர்மண்டின் நேரக் கணக்கை 2025இல் நியூ ஜெர்ஸியின் கறுப்பின செனட்டர் கோரி பூக்கர் முறியடித்தார். மார்ச் 31 மாலை தொடங்கி மறுநாள் இரவு வரை 25 மணி 5 நிமிடம் பேசினார். ஆனால் அவர் டிரம்ப் அரசை எதிர்த்துப் பேசினாரே தவிர, குறிப்பிட்ட எந்த மசோதாவையும் தடுக்கவில்லை. கண்டிப்பான பொருளில் அது பிலிபஸ்டர் ஆகாது, செனட் வரலாற்றின் மிக நீண்ட உரை. ஒரு மசோதாவைத் தடுக்கத் தனி ஒருவர் பேசியதில் இன்றைக்கும் முதலிடத்தில் நிற்பது 1957ஆம் ஆண்டுப் பேச்சுதான்.